எஸ்டீமுக்கு டர்போ போட்டேன், கழற்றினேன்

மாதத்துக்கு ஒரு போனாவது வந்துவிடுகிறது. "அண்ணா, நீங்க எஸ்டீமுக்கு டர்போ போட்டிருந்தீங்களாமா? என் வண்டிக்கும் போடலாங்களா?" போடலாம். கோயமுத்தூரில் லேத் ஓடுகிறவரை கிரைண்டருக்குக்கூட டர்போ போட்டுத் தர ஆள் இருக்கிறார்கள். போட்ட பிறகு என்னென்ன ஆகும் என்பதைத்தான் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன். டர்போ என்பது எஞ்சினின் புகையாலேயே சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற சக்கரம்.

வண்டி 2002 மாடல் மாருதி எஸ்டீம். 2013-ல் 95,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 1298 சிசி, 16 வால்வு எம்பிஎஃப்ஐ எஞ்சின், 85 குதிரைத்திறன். வண்டி எடை தொள்ளாயிரம் கிலோகூட வராது. சும்மாவே சுறுசுறுப்பான வண்டிதான். வீட்டில் நான் சொன்ன காரணம் ஊட்டி. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்தான். காற்று குறைந்தால் எஞ்சினின் பலமும் அதே அளவுக்குக் குறையும். ஐந்து பேரை ஏற்றி, ஏசியும் போட்டு பர்லியாறைத் தாண்டினால் எஸ்டீம் மூச்சு வாங்கத் தொடங்கும். "டர்போ போட்டா இந்தப் பிரச்சினையே இருக்காது" என்றேன். பொய்யில்லை. விமான எஞ்சின்களுக்கு டர்போ போனதே இந்த உயரப் பிரச்சினைக்காகத்தான். ஆனால் உண்மைக் காரணம் வேறு. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நண்பர் ஒருவரின் டர்போ வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இரண்டு ரவுண்டு போய்விட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கணக்கு கேட்க இனிமையாக இருக்கும். கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 14 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்கிற அதே அளவு). டர்போ அதன் மேல் 6 பிஎஸ்ஐ தள்ளினால் (இந்தக் கூடுதல்தான் பூஸ்ட்) மொத்தம் 20. இருபதைப் பதினாலால் வகுத்து எண்பத்தைந்தால் பெருக்கினால் 121 குதிரை. வெளியே வீணாகப் போகிற புகையைக் கொண்டே சக்கரத்தைச் சுற்றி, இலவசமாக 36 குதிரை. நானும் இப்படித்தான் ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தேன்.

அந்தக் கணக்கில் நான் எழுதாமல் விட்டது சூடு. சைக்கிள் பம்பை நாலு முறை வேகமாக அடித்துவிட்டு அடியில் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்றை அமுக்கினால் அது சூடாகும். வெளியே 35 டிகிரி இருக்கிற நாளில் 6 பிஎஸ்ஐக்கு அமுக்கினால் டர்போவிலிருந்து வெளிவரும் காற்று 85 டிகிரி வாக்கில் இருக்கும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போனால், பிளக் பொறி வைப்பதற்கு முன்போ பின்போ கலவையின் ஏதோ ஒரு மூலை தானாக வெடிக்கும். அதைத்தான் மெக்கானிக்குகள் "தட்டுது" என்பார்கள். அதைத் தடுக்கத்தான் இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விக்கிற ரேடியேட்டர்), எளிதில் தானாக வெடிக்காத நல்ல ஆக்டேன் பெட்ரோல், கூடுதல் எரிபொருள், தாமதமான பொறி எல்லாம். 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், கார் கம்பெனியே டர்போ வைத்து விற்ற முதல் கார்களில் ஒன்று. 10.25-க்கு 1 என்ற கம்ப்ரஷனில் (பிஸ்டன் கலவையை அமுக்குகிற விகிதம்) டர்போவையும் மாட்டிவிட்டு, தட்டாமல் இருக்க தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைப் பீய்ச்சினார்கள். வாங்கியவர்கள் அந்தத் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். கம்பெனிக்காரர்களுக்கே இந்தப் பாடு என்றால் நான் எம்மாத்திரம்.

2015-ல் டர்போ தேடத் தொடங்கினேன். உக்கடத்தில் பழைய டீசல் காரின் குட்டி டர்போ ஒன்று ஆறாயிரத்துக்குக் கிடைத்தது. கையில் அடங்குகிற சைஸ், பார்க்க அம்சமாக இருந்தது. பணத்தை எடுத்துவிட்டேன். கூட வந்த மேஸ்திரிதான் தடுத்தார். அறுபதைத் தாண்டியவர், டீசல் பம்பில் தொடங்கி நாற்பது வருடமாக எஞ்சினோடு புழங்குகிறவர். "தம்பி, இது டீசல் சூட்டுக்குச் செஞ்சதுங்க. பெட்ரோல் புகை போனா தாங்காது." அப்புறம் படித்துப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரி. முழு லோடில் பெட்ரோல் எஞ்சினின் புகை 900 டிகிரியைத் தாண்டும். டீசலில் பெரும்பாலும் அவ்வளவு ஏறாது, அதனால் டர்போவின் இரும்பும் அதற்கேற்ற ரகம்தான். போதாததற்கு அந்தக் குட்டிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சியும் இல்லை. கடைசியில் சென்னை புதுப்பேட்டையில், வெளிநாட்டுப் பெட்ரோல் காரிலிருந்து கழற்றிய டிடி04 ரகம் 18,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

பழைய டர்போ வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம். சாதாரண பேரிங்கில் அந்த இடைவெளியில் ஆயில் படலம் நிற்கும், ஓடும்போது அது சரியாகிவிடும். சக்கரத்தின் இதழ் சுவரைத் தொடுகிற அளவுக்கு ஆடக்கூடாது, அவ்வளவுதான். தண்டை உள்ளே வெளியே தள்ளி இழுத்துப் பாருங்கள், அந்த வாக்கில் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இதழ்களின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் சொட்டை தெரியும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடுகிற சாமான், கடுகளவு சொட்டையும் கணக்கில் வரும்.

நான் வாங்கியதில் சொட்டை இல்லை. சைஸ்தான் தப்பு. 1.3 லிட்டருக்கு அது பெரிது. 3,800 ஆர்பிஎம் வரை வெறும் எஸ்டீம், அதற்கு மேல் திடீரென வேறு வண்டி. காந்திபுரம் டிராஃபிக்கில் அதனால் நயாபைசா பிரயோஜனம் இல்லை. பெரிய டர்போ வாங்கினால் பின்னாடி உதவும் என்று யாராவது சொன்னால், கல்யாணத்துக்கு வளர்ந்துக்குவான் என்று பள்ளிக்கூடப் பையனுக்கு எடுத்த கோட்டு அது.

சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகிற குழாய், அதாவது மேனிஃபோல்டு, செய்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் கட்டில் செய்கிற மெல்லிய குழாயில் வளைத்து வெல்டிங் செய்தோம். ஏழாவது வாரம் விரிசல். மறுமுறை பாய்லருக்குப் போடுகிற கனத்த ஸ்டீம் பைப் எல்போ, 12 மில்லி தகட்டில் ஃபிளாஞ்ச் (எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்குகிற பட்டை). வெல்டிங் அடிக்கும்போது ஃபிளாஞ்சை ஒரு பழைய சிலிண்டர் ஹெட்டில் இறுக்கி வைத்துத்தான் அடித்தோம், இல்லையென்றால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். ஆறியபின் லேத்தில் ஒருமுறை முகம் சீவினோம். அது கடைசி வரை நின்றது.

ஆயில்தான் என்னைப் படாத பாடு படுத்தியது. டர்போவுக்கு ஆயில் உள்ளே போவது எளிது. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு 'டி' வடிவ இணைப்பு போட்டு இழுத்துவிடலாம். வெளியே வருவதுதான் வித்தை. வெளியே வரும்போது அதற்குப் பிரஷர் கிடையாது, தன் பாரத்தில்தான் கீழே இறங்க வேண்டும். வண்டி ஓடத் தொடங்கிய முதல் வாரமே, சிக்னலில் நின்றால் பின்னால் நீலப் புகை. பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடித்து, "கொசு மருந்து அடிக்கிறீங்களா?" என்றார். டர்போவின் சீல் போய்விட்டது என்று முடிவு செய்து 4,500 ரூபாய்க்கு ரிப்பேர் கிட் வரவழைத்து, மூன்று நாள் செலவழித்து மாற்றினேன். மறுபடியும் அதே புகை.

மேஸ்திரி வந்து வண்டிக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஆயில் திரும்பும் ஹோஸை சம்ப்பிலிருந்து (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி) பிடுங்கி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வெட்டி அதற்குள் விட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி" என்றார். எட்டிப் பார்த்தேன். ஆயில் ஒழுகும் என்று நினைத்தால், டீக்கடையில் ஆற்றி ஊற்றிய டீயின் மேல் நிற்குமே, அந்த மாதிரி நுரை நுரையாக இறங்கியது. லட்சம் சுற்று சுற்றுகிற தண்டு ஆயிலைக் கடைந்துதான் வெளியே விடும். நுரை தண்ணீர் மாதிரி ஓடாது, அதற்குப் பெரிய வழியும் நேரான இறக்கமும் வேண்டும். நான் போட்டிருந்தது 10 மில்லி ஹோஸ். நடுவில் ஒரு இடத்தில் தொங்கி, வயிறு மாதிரி வளைந்து, மறுபடி ஏறி, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்குக் கீழே போய் நுழைந்தது. நுரை வெளியேற வழியில்லாமல் மேலே தேங்கி, நல்ல சீலையும் தாண்டிப் புகைக்குழாய்க்குள் போயிருக்கிறது. 16 மில்லி ஹோஸ், தொங்கல் இல்லாத இறக்கம், ஆயில் மட்டத்துக்கு மேலே ஒரு துளை. மொத்தச் செலவு 600 ரூபாய். அன்றிலிருந்து புகை இல்லை.

அடுத்தது பெட்ரோல். முதலில் சோம்பேறி வழியில் போனேன். பெட்ரோலையும் பொறியையும் கட்டுப்படுத்துகிற கம்பெனி கம்ப்யூட்டரை, அதாவது ஈசியூவை, அப்படியே வைத்துக்கொண்டு, பூஸ்ட் ஏற ஏறப் பெட்ரோல் பிரஷரையும் ஏற்றுகிற ஒரு ரெகுலேட்டரை மட்டும் மாட்டினேன். எரிபொருள் ஏதோ கூடியது; பொறியின் நேரம் கூடாமல் குறையாமல் பழையபடியே இருந்தது. 5 பிஎஸ்ஐயிலேயே தட்டத் தொடங்கியது. எனக்குக் கேட்கவில்லை. டர்போ சத்தத்திலும் ஆசையிலும் காது அடைத்துப்போயிருந்தது என்று வையுங்கள். மேஸ்திரி ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கித் துளையிட்டு எஞ்சின் பிளாக்கில் ஒரு போல்ட்டில் இறுக்கினார். மறுமுனையில் ரப்பர் குழாய், அதன் முனையில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பின் காதுப் பகுதி. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டு வந்தவர், மதுக்கரை ஏற்றத்தில் என் தொடையில் ஓங்கித் தட்டினார். "காலை எடுங்க!" நான் மாட்டிக் கேட்டேன். தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். ஐம்பது ரூபாய்க் கருவி அது. இன்றைக்கும் அதைவிட உருப்படியான ஒன்றை நான் வாங்கியதில்லை.

அதன்பிறகுதான் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பனோடு உட்கார்ந்து நாமே செட் செய்துகொள்ளக்கூடிய ஈசியூவான மெகாஸ்கிர்ட் கிட் வரவழைத்து சால்டரிங் செய்தோம். எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று அதற்குத் தெரிய, கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒரு பல் இல்லாத சக்கரம் வைத்தோம். பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்குக் கணக்கு இப்படி: டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் பெட்ரோல் என்று வையுங்கள். 120 குதிரையை நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்து, இன்ஜெக்டர் எண்பது சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று பார்த்தால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 230 சிசி ஊற்ற வேண்டும். 270 சிசி வாங்கினேன். பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5-லிருந்து 12 வரை. பொறியை ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி வீதம் பின்னுக்கு இழுத்தோம். பிளக் ஒரு படி குளிர்ச்சியானது (என்ஜிகேயில் எண் கூடக்கூடக் குளிர்ச்சி, ஆறுக்குப் பதில் ஏழு), இடைவெளி 0.7 மில்லி. அப்போது எங்கள் பக்கம் எளிதாகக் கிடைத்தது 91 ஆக்டேன் பெட்ரோல்தான், அதனால் எல்லாவற்றிலும் ஒரு படி பயந்துதான் வைத்தோம். காற்று-பெட்ரோல் விகிதத்தைப் புகையிலிருந்து அளக்கிற வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாருக்கு மட்டும் 14,000 ஆனது. அது இல்லாமல் டியூனிங் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு முகச்சவரம் செய்வது மாதிரி. இந்தச் செலவு பிடிக்காதவர்கள் டர்போ ஆசையை விட்டுவிடலாம்.

இன்று செய்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 மடங்கு காற்று என்றால், இந்தக் கலவைக்கு 13.5 மடங்குதான். அதாவது அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஈசியூவில் ஏற்றிவைத்த பழைய பெட்ரோல் கணக்கை (மேப்) அப்படியே வைத்து ஓட்டினால் பூஸ்டில் கலவை மெலிந்துவிடும். எத்தனாலுக்கு ஆக்டேன் கூடுதல் என்பது லாபம்தான், அந்த லாபத்தை நம்பி மெலிந்த கலவையில் ஓட்டினால் பிஸ்டன் பதில் சொல்லும்.

ஆறு மாதம் அருமையாக ஓடியது. 7 பிஎஸ்ஐயில் டைனோவில் (சக்கரத்தில் வரும் பலத்தை அளக்கிற கருவி) ஏற்றினோம்: டர்போவுக்கு முன் சக்கரத்தில் 71 குதிரை, இப்போது 98. இன்டர்கூலருக்குப் பின் காற்று ஐம்பது டிகிரியை ஒட்டியே நின்றது. கோத்தகிரி வழியாக ஊட்டி ஏறினோம், ஏசி போட்டு, ஐந்து பேரோடு. மூன்றாம் கியரிலேயே வளைவுகளைத் தாண்டியது. மேலே போய் நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுவேன். சுடச்சுட அணைத்தால் டர்போவுக்குள் நிற்கிற ஆயில் கருகிப் படியும். அந்த இரண்டு நிமிடத்தை என் மனைவி "உங்க தியானம்" என்பாள். மைலேஜ் 14-லிருந்து 10-க்கு வந்தது. கிளட்ச் நாலாம் கியரில் நழுவத் தொடங்கி மாற்றினேன். பிரேக்கை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். கல்லாறு இறக்கத்தில் பெடல் மெத்தென்று போன அன்று, முதலில் பிரேக்குக்குத்தான் செலவழித்திருக்க வேண்டும் என்று புத்தி வந்தது.

2016 நவம்பர். செட்டிபாளையத்தில் டிராக் டே. மூன்றாவது ரவுண்டில் நேர் பாதைக்கு வந்து முழுதாக மிதித்தேன். வழக்கமாக 7-ல் நிற்கிற பூஸ்ட் ஊசி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. 9, 11, 14. ஒரு விநாடிதான் இருக்கும். வண்டி அதுவரை போகாத வேகத்தில் போனது, அதனால் என் கால் எழவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பார்த்துக்கொண்டேதான் மிதித்திருந்தேன். "டப்" என்று ஒரு அடங்கிய சத்தம். கண்ணாடியில் பின்னால் ஒன்றும் தெரியாத அளவுக்குப் புகை.

பானெட்டைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. அளவுக்கு மேல் பூஸ்ட் ஏறினால் புகையை டர்போவுக்குப் போகவிடாமல் பக்கவழியில் திருப்புகிற கதவு வேஸ்ட்கேட். அந்தக் கதவைத் தள்ளுவதற்குப் பூஸ்டையே ஒரு சின்ன ரப்பர் குழாயில் கொண்டுபோவார்கள். அந்தக் குழாய் முனையிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கிளிப் போட்டிருக்கவில்லை. "டைட்டாத்தானே இருக்கு" என்று விட்டது நான்தான். கிளிப்பின் விலை பத்து ரூபாய். அதைவிட எரிச்சல், மெகாஸ்கிர்டிலேயே பூஸ்ட் ஒரு அளவைத் தாண்டினால் பெட்ரோலை வெட்டுகிற வசதி உண்டு. டிக் போட வேண்டிய ஒரே ஒரு பெட்டி. அடுத்த வாரம் போடலாம் என்று ஆறு மாதமாக வைத்திருந்தேன்.

ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தத்தையும் பிஎஸ்ஐயில் பார்த்தோம்: 175, 178, 62, 172. மூன்றாம் சிலிண்டர். ஹெட்டை இறக்கி, பிஸ்டனை வெளியே எடுத்து மேஸ்திரி என் உள்ளங்கையில் வைத்தார். மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை. பக்கவாட்டில், முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவில் இருக்கிற வரப்பில், ஒன்றரை விரல் நீளத்துக்கு ஒரு துண்டைக் காணோம். உடைந்த வாய் சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி மினுமினுப்பாக, பொருபொருவென்று இருந்தது. வார்ப்புப் பிஸ்டன் அப்படித்தான் உடையும். வளையாது.

மேஸ்திரி ரிங்கை எடுத்துப் பார்த்தார். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று முட்டி, கண்ணாடி மாதிரி பளபளத்தன. அதைக் காட்டி, "தட்டினது பாதி, இது பாதிங்க" என்றார். ரிங்கின் இரு முனைக்கும் நடுவே விடுகிற இடைவெளி, சூட்டில் ரிங் நீளும்போது இடம் கொடுப்பதற்காக. 74 மில்லி போர் உள்ள இந்த எஞ்சினுக்குச் சாதாரணமாக 0.30 மில்லி போதும். டர்போ போட்டால் சூடு கூடும், 0.40-க்கு மேல் வேண்டும். நான் எஞ்சினைத் திறக்காமலேயே டர்போ மாட்டியவன். இடம் போதாமல் முனைகள் முட்டி, ரிங் சிலிண்டரை இறுக்கிப் பிடித்து வரப்பைப் பிய்த்திருக்கிறது. புது ரிங்குகளை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் நேராக வைத்து, ஃபீலர் கேஜ் விட்டு, அரத்தால் ஒரே திசையில் இழுத்து 0.42-க்குக் கொண்டுவர ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கம்ப்ரஷனைக் குறைக்க இரண்டு ஹெட் கேஸ்கட்டை அடுக்கிப் போடச் சொன்னார் ஒருவர். செய்யவில்லை. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே ஓரத்தில் இருக்கிற நெருக்கம்தான் கலவையைக் கலக்கிவிடுகிறது. அதை அகலமாக்கினால் தட்டுவது கூடவும் செய்யும்.

எஞ்சின் வேலைக்கு மட்டும் 38,000. அதற்கு முன் செலவழித்ததைக் கூட்டினால் ஒரு லட்சத்து நாற்பதைத் தாண்டும், வண்டியின் விலையைவிட அதிகம். மனைவிக்கு இன்றுவரை 90 என்றுதான் தெரியும். இதைப் படிக்கமாட்டாள் என்று நம்புகிறேன்.

எஞ்சின் பிரிந்து கிடந்த அந்த நாட்களில்தான் ஒரு நண்பன் நைட்ரஸ் (எஞ்சினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தருகிற வாயு) யோசனையோடு வந்தான். "டர்போ கிர்போ எதுக்கு மாப்ள, ஒரு சிலிண்டர், ஒரு சோலனாய்டு, ஒரு பட்டன்." ஆசையாகத்தான் இருந்தது. நைட்ரஸ் ஆக்சைடின் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன், காற்றில் 23 சதவீதம்தான். 300 டிகிரி சுமாரில் உடைந்து ஆக்சிஜனை விடும், திரவமாக உள்ளே போய் ஆவியாகும்போது காற்றையும் குளிர்விக்கும். டர்போவுக்கு நேர் எதிர் குணம். ஆனால் அதன் இன்னொரு எண்ணைப் பார்த்ததும் நான் விட்டுவிட்டேன்: 36.4 டிகிரி. அந்த வெப்பத்துக்கு மேல் அதைத் திரவமாக வைத்திருக்கவே முடியாது, சிலிண்டருக்குள் அழுத்தம் கடகடவென ஏறும். அமெரிக்கக் குளிரில் சிலிண்டருக்கு ஹீட்டர் சுற்றுகிறார்கள். நம்மூரில் சித்திரை மாதம் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி ஐம்பதைத் தாண்டும். பின் சீட்டில் குழந்தைகள் உட்காருகிற வண்டியில் அதை வைக்க எனக்குத் துணிவில்லை. அதோடு சிலிண்டர் என்றாலே 2016-ன் கேஸ் சிலிண்டர் விதிகள் வந்துவிடும். ஆஸ்பத்திரி சிலிண்டரில் இருந்து நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். டிராக்கில் ஓட்டுகிறவர்கள் முழுத் த்ராட்டிலில், 3,000 ஆர்பிஎம்முக்கு மேல்தான் திறக்கிற மாதிரி சுவிட்ச் வைப்பார்கள். குறைந்த சுற்றில் திறந்தால் இன்டேக்கிலேயே வெடித்துவிடும்.

எஞ்சின் மறுபடி ஓடியது, டர்போவோடுதான். 2017 பிறந்தது. வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிகிறது, எஃப்.சி. காட்டியாக வேண்டும். அப்போதுதான் சட்டப் புத்தகத்தைத் திறந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதையே உறுதியாகச் சொன்னது. அந்த வருடத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆகிவிட்டது. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். சொல்லாமல் மாற்றிய வண்டியில் விபத்து நடந்து, இன்சூரன்ஸ்காரர் பானெட்டைத் திறந்து பார்த்தால் அவ்வளவுதான். இரண்டு வருடம் அந்த நினைப்பே இல்லாமல் குடும்பத்தோடு ஓட்டியிருக்கிறேன்.

அதே 2017-ல் பார்த்து மாருதியே பலேனோ ஆர்எஸ் என்று ஒரு லிட்டர் டர்போவை ஷோரூமில் கொண்டுவந்து வைத்தது, 102 குதிரை, வாரண்டியோடு. இன்று டர்போ பெட்ரோல் இல்லாத கம்பெனியைத் தேட வேண்டும். போன் செய்கிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறவர்கள் குறைவு. டிராக்குக்கு மட்டும் என்று தனி வண்டி வைத்திருப்பவர்களிடம்தான் மேற்கொண்டு பேசுவேன். அவர்களிடமும் முதல் கேள்வி, நாலு சிலிண்டரின் கம்ப்ரஷன் எவ்வளவு என்பது. தெரியாது என்றால் பார்த்துவிட்டுக் கூப்பிடச் சொல்லிவிடுவேன்.

கழற்ற நாலு நாள் ஆனது. நல்லவேளையாகக் கம்பெனி மேனிஃபோல்டு, ஈசியூ, இன்ஜெக்டர், வயரிங் எல்லாவற்றையும் ஒரு உரச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டிருந்தேன். "பழைய சாமானை எடைக்குப் போட்டுடாதீங்க தம்பி" என்று முதல் நாளே மேஸ்திரி சொல்லியிருந்தார். டர்போவும் மெகாஸ்கிர்டும் டிராக்கில் மட்டும் ஓடுகிற ஒரு நண்பரின் வண்டிக்குப் போயின. சம்ப்பில் போட்ட துளைக்கு ஒரு போல்ட். டாஷ்போர்டில் இருந்த பூஸ்ட் மீட்டரை மட்டும் கழற்றவில்லை. டர்போ இல்லாவிட்டால் அது வெறும் வேக்குவம் மீட்டர், அதுவும் உபயோகம்தான். சும்மா ஓடும்போது ஊசி ஒரே இடத்தில் ஆடாமல் நின்றால் வால்வெல்லாம் ஒழுங்காக உட்காருகிறது என்று அர்த்தம்.

எஃப்.சி. அன்று இன்ஸ்பெக்டர் பானெட்டைப் பார்த்தார், லைட்டைப் போட்டுப் பார்த்தார், உள்ளே குனிந்தார்.

"இதென்னங்க மீட்டர்?"

"வேக்குவம் மீட்டருங்க சார். மைலேஜ் பாக்கறதுக்கு."

"எவ்வளவு கொடுக்குது?"

"பதினாலுங்க சார்."

"நம்ம வண்டி பன்னெண்டுதான் குடுக்குது" என்றார். பென்சிலால் தேய்த்து எடுத்திருந்த சேசிஸ் நம்பர் காகிதத்தை ஆர்சியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டிக்கு நடந்தார்.